ஒரு பதக்கத்தின் பூர்வ கதை

உங்கள் வீட்டு நகைப் பெட்டியில் பாட்டி காலத்து அட்டிகை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "இது என் மாமியாருக்கு அவருடைய தகப்பனார் செய்து போட்டது. அந்த வருஷம் ஊரில் மழை இல்லை. இருந்த ஒரு காணியை விற்றுத்தான் செய்தாராம்" என்று சொல்வதற்கு ஒருவர் இருக்கிற வரையில் அது அட்டிகை. சொல்லுகிறவரும் போய்விட்டால்? அப்புறம் அது இத்தனை சவரன் தங்கம், அவ்வளவுதான்!

பதக்கங்களின் கதியும் ஏறக்குறைய இப்படித்தான்.

இங்கிலாந்தில் 'ஜார்ஜ் கிராஸ்' என்று ஒரு பதக்கம் உண்டு. 1940-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம், லண்டன் நகரத்தின்மேல் குண்டு மழை பொழிந்துகொண்டிருந்த நாட்களில், ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஏற்படுத்தியது. வெள்ளியால் ஆன சிறு சிலுவை. நடுவிலே பறக்கும் நாகத்தை வதைக்கும் ஜார்ஜ் முனிவரின் உருவம். அதைச் சுற்றி 'தீரத்துக்காக' என்று பொருள்படும் எழுத்துக்கள். நாடா கருநீலம். ஆண்கள் நாடாவை நேராகத் தொங்கவிட்டு அணிவார்கள். பெண்களானால் அதையே சிறுமிகளின் தலைப் பின்னல் ரிப்பன் மாதிரி முடிச்சுப் போட்டுக் குத்திக்கொள்வார்கள். பின்புறத்தில் பெற்றவரின் பெயரும் தேதியும் இருக்கும். வேறு ஒன்றும் இராது.

இரண்டாவது உலக யுத்த காலத்துத் தீரச் செயல்களுக்காக இந்தப் பதக்கத்தை நேராகப் பெற்ற பெண்கள் மூன்றே பேர். அவர்களில் ஒருத்தி பெண்கள் துணை விமானப் படையைச் சேர்ந்தவள். நம் பரோடாவிலிருந்து போன ஒரு சங்கீத வித்துவானின் மகள். அவளுடைய கதையை உங்களில் சிலர் கேட்டிருக்கலாம். இன்று நான் சொல்ல வந்தது, அந்தக் கதை எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்கிற கதை. அதில் ஒரு பெரிய தவறு நேர்ந்தது. அந்தத் தவறு திருத்தப்படவும் செய்தது. ஆகையால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

கெஜட்டும் தஸ்தாவேஜும்

விமானப் படையைச் சேர்ந்த ஒருவருக்கு யுத்த காலத்தில் பதக்கம் கிடைத்திருக்கிறது. எதற்காக என்று தெரியவில்லை. கண்டுபிடிக்க வேண்டும். எங்கே போவது?

முதலில் தட்ட வேண்டிய கதவு 'லண்டன் கெஜட்'. 1665-ஆம் வருஷத்தில் ஆரம்பித்து இன்றளவும் வந்துகொண்டிருக்கிற சர்க்கார் பத்திரிகை இது. பட்டமோ பதவியோ பதக்கமோ, எது கொடுத்தாலும் அதில் அச்சேற வேண்டும் என்பது வழக்கம். அந்தக் காலத்தில் இதைப் பார்க்கப் பெரிய நூல் நிலையங்களுக்குப் போகவேண்டும். இப்போது வீட்டிலேயே கம்ப்யூட்டரைத் திறந்து, பெயரைக் கொடுத்துத் தேடலாம்.

ஆனால் கெஜட் இருக்கிறதே, அது மகா சிக்கனமான எழுத்தாளர்! அகப்பட்டால் நாலு வரி. அகப்படாவிட்டால் பெயர், பதவி, எண். யுத்தத்தின் பிற்பகுதியில் பதக்கம் பெற்றவர்களின் தொகை பெருகிப் போனபடியால், பலருக்கு வெறும் பெயர் மட்டுமே மிஞ்சியது. தொகையைக் கேட்டால் ஏன் என்று தெரியும். விமானத்தில் பறந்து போர் செய்யும் உத்தியோகஸ்தர்களுக்கு உரிய டி.எப்.ஸி. என்னும் சிலுவை மட்டும் அந்த யுத்தத்தில் 20,000க்கு மேல் வழங்கப்பட்டது. ஸார்ஜெண்டு முதலான கீழ்ப் பதவிக்காரர்களுக்கு உரியது டி.எப்.எம். என்னும் மெடல், அது 6,600 சொச்சம். ஒரே விமானத்தில், ஒரே ராத்திரியில், ஒரே ஆபத்தில் இருந்தவர்களுக்கும் பதவிக்கு ஏற்றபடி பதக்கம் வேறு! 1918-ஆம் வருஷம் ஜூன் மாதம் 3-ந் தேதி இரண்டையும் ஏற்படுத்தியபோது செய்த இந்தப் பாகுபாட்டை 1993-ல்தான் எடுத்தார்கள். நம் இந்திய விமானப் படையினருக்கும் அந்த யுத்தத்தில் 22 டி.எப்.ஸி.கள் கிடைத்தன. இம்பால் போர்முனையில் 1944 ஜூனில் மவுண்ட்பேட்டன் பிரபு தம் கையாலேயே குத்திவிட்ட ஒன்று, பிற்காலத்தில் விமானப் படை மார்ஷலாக விளங்கிய அர்ஜன் சிங்கினுடையது.

கெஜட்டில் திருப்தி ஏற்படவில்லையானால், அடுத்தபடியாக லண்டனில் க்யூ என்னும் இடத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகம். அங்கேதான் சிபாரிசுக் காகிதங்கள் இருக்கின்றன. படைப் பிரிவின் தலைவர் முதலில் எழுதுவார்: இன்னார் இத்தனை தடவை எதிரி நாட்டின்மேல் பறந்தார், இத்தனை மணி நேரம், இன்ன ராத்திரியில் இன்னது செய்தார் என்று. அதன் கீழே விமான நிலையத் தலைவர் ஒரு குறிப்பு; அதற்கும் மேலே உள்ளவர் ஒரு குறிப்பு. கெஜட்டில் பெயர் மட்டும் வந்தவருக்கும் இங்கே ஒரு பக்கக் கதை இருக்கக்கூடும். இது தவிர, ஒவ்வொரு படைப் பிரிவுக்கும் ஒரு தினசரிக் குறிப்புப் புத்தகம் உண்டு. எந்த விமானம், யார் யார் ஏறினார்கள், எத்தனை மணிக்குக் கிளம்பிற்று, எத்தனை மணிக்குத் திரும்பிற்று என்று வரிசையாக எழுதியிருக்கும். சில வரிகளில் திரும்பிய நேரத்துக்குப் பதிலாக 'திரும்பவில்லை' என்று இருக்கும். அந்தப் புத்தகங்களைப் புரட்டுகிறவர்கள் அந்த இடத்தில் சற்று நின்றுதான் மேலே போவார்கள்.

இன்னொரு விஷயம். டி.எப்.எம். மெடலின் விளிம்பில் பெற்றவரின் பெயரும் எண்ணும் வெட்டியிருக்கும். டி.எப்.ஸி. சிலுவையிலோ வருஷம் மட்டும்தான். காகிதங்களைப் பிரிந்து போனால் அது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. கூட்டத்தில் தொலைந்த குழந்தை மாதிரி!

இதெல்லாம் கூட இருந்து பார்த்தவர்கள் இருக்கிற காரியம். பார்த்தவரே இல்லாவிட்டால்? எதிரியின் நாட்டில், பொய்ப் பெயரோடு, தன்னந்தனியாக ஒரு பெண் செய்த காரியத்துக்கு யார் சிபாரிசு எழுதுவது?

ஒரு பெயர்

1949-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 5-ந் தேதி கெஜட்டில் ஜார்ஜ் கிராஸ் பெறுகிறவராக ஒரு பெயர் வந்தது. பெண்கள் துணை விமானப் படையைச் சேர்ந்த அஸிஸ்டெண்ட் ஸெக்ஷன் ஆபீஸர் நோரா இனாயத் கான். காலமான பின் கொடுக்கப்பட்ட பதக்கம்.

பெயரைக் கேட்டதும் சற்று நிமிர்ந்து உட்காரத் தோன்றுகிறது, இல்லையா?

அவளுடைய உண்மையான பெயர் நூருன்னிஸா. 'பெண் குலத்தின் ஒளி' என்று அர்த்தம். தகப்பனார் ஹஸ்ரத் இனாயத் கான், பரோடாவைச் சேர்ந்த வீணை வித்துவான், சூபி ஞானி. சங்கீதத்தையும் ஞானத்தையும் மேல்நாட்டாருக்குச் சொல்வதற்காகக் கப்பலேறியவர். தாய் வழியில் திப்பு சுல்தானின் சந்ததி என்பது குடும்ப வரலாறு. திப்பு மாண்ட பிறகு அவருடைய பிள்ளைகளை நம் வேலூர்க் கோட்டையில் காவலில் வைத்திருந்தார்களே, அந்த வம்சம்தான். நூரின் தாயாரோ அமெரிக்கப் பெண்மணி. கல்யாணத்துக்குப் பின் அமீனா பேகம் ஆனவர்.

நூர் 1914 ஜனவரியில் மாஸ்கோ நகரில் பிறந்தாள். நான்கு குழந்தைகளில் மூத்தவள். பாரிஸுக்கு அருகில் ஸ்யூரென் என்ற ஊரில் வளர்ந்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது நடக்கும்போது, 1927-ல், தாயகம் திரும்பியிருந்த தகப்பனார் டில்லியில் காலமாகிவிட்டார். தாயார் துக்கத்தில் முடங்கிப் போக, தம்பிகளையும் தங்கையையும் கவனிக்கும் பொறுப்பு மூத்த பெண்ணின் தலையில் விழுந்தது. இந்தக் கதை நம் வீடுகளுக்குப் புதிதல்லவே! அதற்கிடையிலேயே சர்வகலாசாலையில் குழந்தை மனோதத்துவம் படித்தாள். பியானோவும் யாழ் போன்ற ஹார்ப் வாத்தியமும் கற்றாள். குழந்தைகளுக்குக் கதை எழுதினாள். புத்தரின் ஜாதகக் கதைகளிலிருந்து இருபதைத் தேர்ந்தெடுத்து அவள் எழுதிய புத்தகம் 1939-ல் லண்டனில் வெளிவந்தது. அதே வருஷம் யுத்தமும் வந்தது.

1940 ஜூனில் ஜெர்மானியர் பாரிஸை நெருங்கியபோது குடும்பம் இங்கிலாந்துக்குத் தப்பி வந்தது. அவ்வருஷம் நவம்பரில் நூர் பெண்கள் துணை விமானப் படையில், அடிமட்டப் பதவியில், சேர்ந்தாள். கம்பியில்லாத் தந்தி இயக்கப் பழகினாள். தந்தியும் பிரெஞ்சு பாஷையும் ஒருங்கே தெரிந்த பெண் என்றதும், எதிரி வசமாகிவிட்ட தேசங்களுக்கு ஒற்றர்களை அனுப்பும் ரகசிய ஸ்தாபனத்தின் கண் அவள்மேல் விழுந்தது.

அவள் அந்த வேலைக்கு ஏற்றவள்தானா என்பதில் அவர்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம். ஆயுதத்தைக் கண்டால் மிரளுகிறாள் என்று எழுதினார்கள். மூளை அதிகம் கிடையாது என்று ஒரு பயிற்சி அதிகாரி எழுதிவைத்தார். பிரெஞ்சுப் பிரிவின் தலைவர் கர்னல் பக்மாஸ்டர் அதைப் படித்துவிட்டு, ஓரத்தில் 'அபத்தம்!' என்று கிறுக்கினார். அந்தக் கிறுக்கல் இன்றும் அவளுடைய தஸ்தாவேஜில் இருக்கிறது.

வெள்ளிப் பறவை

1943-ஆம் வருஷம் ஜூன் மாதம் 16-ந் தேதி இரவு, நிலவு வெளிச்சத்தில், லைஸாண்டர் என்னும் சின்ன விமானம் அவளைப் பிரான்ஸில் இறக்கிவிட்டது. வழியனுப்ப வந்தவர் மிஸ் வேரா ஆட்கின்ஸ். பிரெஞ்சுப் பிரிவின் உளவு அதிகாரி. பெண்களை அனுப்பும்போதெல்லாம் விமான நிலையம் வரையில் கூடவே போகிறவர். அவர் சட்டையில் குத்தியிருந்த வெள்ளிப் பறவை ஊசியைப் பார்த்து, "எவ்வளவு அழகாக இருக்கிறது!" என்று நூர் வியந்தாளாம். உடனே அதைக் கழற்றி அவள் கையில் வைத்துவிட்டார் அந்த அம்மாள்.

நூர் ஒரு வேண்டுகோள் விடுத்திருந்தாள். 'எனக்கு என்ன நேர்ந்தாலும் சரி, நான் இறந்துவிட்டேன் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தாலன்றி என் தாயாருக்குச் சொல்ல வேண்டாம்' என்பது அது. இந்த வேண்டுகோளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பிறகு வரும்.

அவள் போய்ச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. பாரிஸில் அவள் சேரவேண்டிய கூட்டம் கெஸ்டபோவிடம் அகப்பட்டுக்கொண்டது. தலைவர்கள் பிடிபட்டார்கள், தந்திப் பெட்டிகள் பறிபோயின. "திரும்பி வந்துவிடு" என்றது லண்டன். "வேறு யாரும் இல்லாதபோது எப்படி வருவது?" என்று மறுத்துவிட்டாள் நூர். வாரக்கணக்கில் பாரிஸுக்கும் லண்டனுக்கும் நடுவே இருந்த இழை அவள் ஒருத்திதான். சுமார் 15 கிலோ எடையுள்ள பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வீடு மாறினாள். ஒரு தடவை மரத்தில் ஏரியல் கம்பியைக் கட்டத் திண்டாடிக்கொண்டிருந்தாளாம். அக்கம்பக்கத்தில் குடியிருந்த ஜெர்மன் அதிகாரி ஒருவர், துணி உலர்த்தக் கொடி கட்டுகிறாள் என்று எண்ணி உதவி செய்துவிட்டுப் போனாராம்! இது பிற்பாடு சொல்லப்பட்ட கதை, கெஜட்டில் இல்லை.

அக்டோபரில் யாரோ காட்டிக்கொடுத்தார்கள். நூர் பிடிபட்டாள். அப்புறம் லண்டனுக்கு அவளைப் பற்றிய நம்பகமான செய்தி ஒன்றும் வரவில்லை.

118 பேரைத் தேடிய பெண்

யுத்தம் 1945-ல் முடிந்தது. பிரெஞ்சுப் பிரிவிலிருந்து போனவர்களில் 118 பேர் திரும்பவில்லை. சர்க்கார் வழக்கப்படி 'காணப்படவில்லை. இறந்ததாகக் கருதப்படுகிறது' என்று எழுதித் தஸ்தாவேஜை மூடிவிட்டிருக்கலாம். வேரா ஆட்கின்ஸ் மூடவில்லை. விமான நிலையத்தில் தாம் கை அசைத்து அனுப்பிய பெண்கள் அல்லவா? விமானப் படைப் பெண் அதிகாரியின் சீருடையில் ஜெர்மனிக்குப் போனார். இடிந்து கிடந்த நகரங்களில் சிறைப் பதிவேடுகளைத் தேடினார். சிறையதிகாரிகள், காவல்காரர்கள், விடுதலையான கைதிகள் எல்லோரையும் விசாரித்தார். 117 பேருடைய முடிவைத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஓய்ந்தார்.

ஆனால் நூர் விஷயத்தில் முதலில் அவர் தவறிவிட்டார்.

நடந்தது இதுதான். கார்ல்ஸ்ரூஹே என்ற ஊரின் பெண்கள் சிறையில் பிரிட்டிஷ் ஒற்றர்கள் பலர் இருந்தது தெரிந்தது. அங்கிருந்து 1944 ஜூலையில் நான்கு பெண்களை நாட்ஸ்வைலர் என்னும் முகாமுக்குக் கொண்டுபோய், 6-ந் தேதி விஷ ஊசி போட்டுக் கொன்றிருந்தார்கள். மூன்று பேர் யார் என்று தெரிந்தது. நான்காவது பெண்? அந்த முகாமில் கைதியாயிருந்து உயிர் தப்பிய ஒருவர், தாம் பார்த்த பெண்களின் அடையாளங்களைச் சொன்னார். அது நூராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார் வேரா. அப்படியே ரிப்போர்ட் எழுதினார். குடும்பத்தாருக்கும் அப்படியே தெரிவிக்கப்பட்டது. கொன்றவர்கள் மேல் 1946-ல் வழக்கும் நடந்து முடிந்தது.

விஷயம் அத்தோடு முடிந்திருந்தால் இன்றும் நூரின் பெயருக்கு எதிரே நாட்ஸ்வைலர் என்றுதான் எழுதியிருக்கும். முடியவிடாமல் செய்தது ஒரு பிரெஞ்சுப் பெண்ணின் கடிதம்.

யோலாண்ட் லாக்ராவ் என்ற அந்தப் பெண் போர்ட்ஸைம் என்ற ஊரில் அரசியல் கைதியாக இருந்தவள். அந்தச் சிறையில் ஒரு தனி அறையில், கையிலும் காலிலும் விலங்கு போட்டு, யாரோடும் பேசவிடாமல் ஒரு பெண்ணை அடைத்து வைத்திருந்தார்கள். சாப்பாட்டுத் தகரக் கிண்ணங்கள் அறைக்கு அறை மாறி மாறிப் போகும். கிண்ணத்தின் அடிப்புறத்தில் அந்தப் பெண் கீறி எழுதுவாள். மற்றக் கைதிகள் படித்துவிட்டுப் பதில் கீறுவார்கள். பாத்திரத்தில் பெயர் வெட்டுவது நமக்குத் தெரிந்த வழக்கம்தான். ஆனால் இப்படி ஒரு காரியத்துக்காக வெட்டி நாம் கண்டதில்லை. தன் பெயர் நோரா பேக்கர் என்று அந்தப் பெண் எழுதினாள், விலாசமும் கொடுத்தாள். விடுதலையான பிறகு யோலாண்ட் அதை மறக்கவில்லை. அந்த விலாசத்தைக் கொண்டு நோரா என்ன ஆனாள் என்று விசாரித்து எழுதினாள்.

'பேக்கர்' என்பது நூரின் தாயாருடைய பிறந்த வீட்டுப் பெயர்!

செய்தி நூரின் தம்பி விலாயத்துக்கு எட்டியது. நாட்ஸ்வைலர் கணக்கு உதைத்தது. ஜூலையில் வேறோர் இடத்தில் கொல்லப்பட்டவள் செப்டம்பர் வரையில் போர்ட்ஸைம் சிறையில் எப்படி இருக்க முடியும்? தாம் எழுதிய ரிப்போர்ட்டைத் தாமே மறுபடியும் எடுத்துவைத்துக்கொண்டு விசாரிக்க ஆரம்பித்தார் வேரா ஆட்கின்ஸ். ஒரு அதிகாரிக்கு இது எளிதான காரியமா, சொல்லுங்கள்?

போர்ட்ஸைம் சிறைத் தலைவரை விசாரித்தார்கள். நான்கு பெண்களை ரயிலில் டாகௌ முகாமுக்குக் கூட்டிப்போன கெஸ்டபோ ஆட்களின் வாக்குமூலமும் இருந்தது. பாரிஸில் நூரைச் சிறைவைத்திருந்த அதிகாரி கீப்பரை 1947 ஜனவரியில் வேரா நேரிலேயே சந்தித்தார். நூர் தங்களிடம் ஒன்றுமே சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்ட அந்த மனிதர், அவள் முடிவைக் கேட்டதும் கண்ணீர் விட்டாராம். "நம் இருவரில் யாராவது அழவேண்டுமானால் அது நானாகத்தான் இருக்கும்" என்கிற பொருளில் பதில் சொல்லி, அவர் அழுகையை நிறுத்திவிட்டார் வேரா.

உண்மை இவ்வாறு வெளிவந்தது. நூர் 1943 நவம்பர் முதல் ஏறக்குறைய பத்து மாதம் போர்ட்ஸைமில் விலங்கோடு இருந்தாள். 1944 செப்டம்பரில் வேறு மூன்று பெண்களோடு டாகௌவுக்குக் கொண்டுபோனார்கள். 13-ந் தேதி சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவளுக்கு வயது முப்பது.

அப்படியானால் நாட்ஸ்வைலரில் இறந்த அந்த நான்காவது பெண் யார்? ஸோனியா ஓல்ஷனெஸ்கி. லண்டனிலிருந்து அனுப்பப்பட்டவள் அல்ல. பிரான்ஸிலேயே சேர்ந்து உழைத்தவள். ஆகையால் தேடுகிறவர்களின் ஜாபிதாவில் அவள் பெயர் இல்லை. நூருக்குச் சரியான முடிவை எழுதியபோதுதான், இன்னொரு பெண்ணின் மரணத்தை அவள் பெயரில் எழுதிவிட்டோம் என்பதும் தெரியலாயிற்று. ஒரு பதிவேட்டில் ஒரு வரி தவறினால் இரண்டு குடும்பங்களுக்கு அநியாயம் நேருகிறது, பாருங்கள்!

கெஜட்டை மறுபடி படித்தால்

இப்போது அந்த 1949-ஆம் வருஷத்துக் கெஜட்டை மறுபடியும் எடுத்துப் பாருங்கள். பிரான்ஸுக்குள் அனுப்பப்பட்ட முதல் பெண் தந்தி இயக்குநர் என்கிறது அது. தப்ப இரண்டு முறை முயன்றாள். இனித் தப்ப முயலமாட்டேன் என்று கையெழுத்துப் போட மறுத்தாள் என்கிறது. சிறைத் தலைவரை விசாரித்ததில், தன் வேலையைப் பற்றியோ தோழர்களைப் பற்றியோ அவள் எந்தத் தகவலும் தரவில்லை என்று உறுதியாயிற்று என்கிறது. பிறகு டாகௌ.

அந்த ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் ஒரு ரயில் பிரயாணம் இருக்கிறது. ஒரு சாட்சி இருக்கிறார். தகரக் கிண்ணத்தில் கீறிய பெயரும் இருக்கிறது.

கெஜட் சொல்லாமல் விட்டதும் உண்டு. லண்டனோடு பேசிய செய்திகளை நூர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தாள். அது எதிரியின் கையில் சிக்கியது. உத்தரவில் இருந்த ஒரு சொல்லை அவள் தப்பாகப் புரிந்துகொண்டதால் வந்த வினை என்பார்கள். அதை வைத்துக்கொண்டு ஜெர்மானியர் அவள் பெயரிலேயே லண்டனுக்குத் தந்தி அடித்தார்கள். லண்டன் ஏமாந்தது. அதனால் வேறு பலர் அகப்பட்டு மாண்டார்கள். இதையும் எழுதத்தான் வேண்டும். நாம் போற்றுகிறவர்களின் பிழையை மறைத்தால், அடுத்தாற்போல் வருகிறவர் நாம் எழுதிய நல்லதையும் நம்பமாட்டார்.

கடைசி நிமிஷத்தில் அவள் 'விடுதலை!' என்று பிரெஞ்சில் சொன்னாள் என்று ஒரு செய்தி உண்டு. பல வருஷம் கழித்து ஒரு கைதி சொன்னதாக வந்தது அது. கெஜட்டில் கிடையாது. ஆராய்கிறவர்கள் அதற்குரிய இடத்தில் தனியாக வைப்பார்கள்.

பெண்ணைப் பற்றிய இந்தத் தேடலைப் பெண்களே விடாமல் நடத்தியிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். யோலாண்ட், வேரா இருவரையும் பார்த்தோம். லண்டனில் நூருக்குத் தோழியாக இருந்த ஜீன் ஓவர்டன் புல்லர் பாரிஸுக்கும் ஜெர்மனிக்கும் போய், இரு தரப்பாரையும் கண்டு பேசி, 1952-ல் முதல் ஜீவிய சரித்திரத்தை எழுதினார். 2003-ல் நூரின் சொந்தத் தஸ்தாவேஜை சர்க்கார் திறந்தபோது, நம் நாட்டவரான ஷ்ரபானி பாசு அதைப் படித்து, 2006-ல் புதிய சரித்திரம் வெளியிட்டார். 2012 நவம்பரில் லண்டன் கார்டன் சதுக்கத்தில் நூருக்குச் சிலை எழுந்ததும் அவருடைய முயற்சியால்தான்.

நூருக்குச் சமாதி கிடையாது. சமாதி இல்லாத விமானப் படையினர் 20,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை ரன்னிமீட் என்னும் இடத்தில் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். 1953-ல் திறந்து வைத்த அந்த மண்டபத்தில் அவள் பெயரும் இருக்கிறது.

தாயாரைப் பற்றிய வேண்டுகோளை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்த பிறகே சொல்லுங்கள் என்று மகள் கேட்டாள். அந்தத் தாயாரிடம் முதலில் போய்ச் சேர்ந்தது தவறான மரணம். சரியான கதை கெஜட்டில் அச்சேறியது 1949 ஏப்ரல் 5. அமீனா பேகம் காலமானது அதே வருஷம் மே மாதத்தில். தேடல் இன்னும் சிறிது தாமதித்திருந்தால், அந்த வரிகளைப் பெற்றவள் உயிரோடு இருக்கும்போது யாரும் படித்திருக்க முடியாது.

சகோதரிகளே, அந்த யுத்தத்தில் இந்தியாவிலிருந்து சுமார் 25 லட்சம் பேர் சேவை செய்தார்கள். உங்கள் வீட்டுப் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ தாத்தாவுடைய மெடல் ஒன்று கிடக்கலாம். பளபளக்க வேண்டும் என்று அதைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்! விளிம்பில் பெயரும் எண்ணும் பொறித்திருக்கலாம். தேய்த்தால் அதுவும் போய்விடும். அந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். எந்தப் படை, எந்த ஊர், எந்த வருஷம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். நாளைக்குக் கேட்கலாம் என்று மாத்திரம் இருக்க வேண்டாம்.

சொல்லுகிறவர் இருக்கும்போதே கேட்டுக்கொள்வதுதான் நல்லது. அட்டிகையானாலும் சரி, பதக்கமானாலும் சரி.